ஒற்றனுக்கு ஆட்டோ ஓட்டியவர்

யாராவது என்னிடம் வந்து, "உங்க படம் பாத்தேன்" என்று ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. அது என் படம் இல்லை. என்னுடையது நாவல்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை எனக்கு. வீடு ராஜபாளையத்தில். காலையில் பஸ், இறங்கியதும் ஆட்டோ, சாயங்காலம் மறுபடி அதே. இந்த அலைச்சலுக்கு நடுவில்தான் அந்த ஒற்றன் நாவலை எழுதினேன். பொம்பளைக்கு எதற்கு ஒற்றன் கதை என்று கேட்டவர்கள் உண்டு. சமையல் புத்தகம் எழுதியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

கதை எளிமையானது. உளவுத்துறை ஆள் ஒருவன், சொந்த அலுவலகத்திலேயே யாரையும் நம்ப முடியாத நிலையில், தோளில் காயத்தோடு எங்கள் பக்கம் வந்து சேர்கிறான். துரத்துகிறவர்களிடமிருந்து அவனைக் காப்பாற்றுவது இரண்டு பேர். ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆட்டோக்காரர். மழையில் நிற்கிறவனை ஏற்றிக்கொண்டு, ரத வீதிகளில் போக்குக் காட்டிச் சத்திரப்பட்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். இன்னொருத்தி அந்த ஊரில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள் வைத்திருப்பவள். அவன் காயத்துக்குக் கட்டுப் போட்டு, துணி பண்டல்களுக்கு நடுவே உட்காரவைத்து லோடு வண்டியில் மதுரைக்கு அனுப்பிவிடுகிறாள். அவன் யார் என்று இரண்டு பேருக்குமே கடைசிவரை தெரியாது. எனக்கு அவர்கள்தான் கதை. ஒற்றன் ஒரு சாக்கு.

இரண்டு பேரும் நிஜ ஆட்கள். தறிக்காரி என் மதினி, அண்ணன் மனைவி. ஆட்டோக்காரர், தினமும் என்னை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆபீஸில் இறக்கிவிடுகிறவர். எந்தத் தெருவில் நுழைந்தால் எங்கே வெளியே வரலாம் என்று ஓட்டிக் காட்டியது அவர்தான். "உங்கள வச்சுத்தாண்ணே எழுதிருக்கேன்" என்று சொன்னபோது வண்டியையே ஓரம் கட்டிவிட்டார்.

"என்னையவா? என்கிட்ட என்னத்தக்கா இருக்கு எழுதுததுக்கு?"

அவர் வண்டியின் பின்னால் 'அவசரமா? நேத்தே கிளம்பிருக்கணும்' என்று எழுதியிருக்கும். அதையும் நாவலில் அப்படியே வைத்திருந்தேன். புத்தகம் வந்ததும் ஒரு பிரதி கொடுத்தேன். அவர் வாசிக்கவில்லை. ஹேண்டில்பார் பக்கத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு, ஏறுகிறவர்களிடமெல்லாம் அட்டையைக் காட்டினார். ஆட்டோ ஸ்டாண்ட் முழுக்கச் செய்தி பரவியது.

பிறகு சினிமாக்காரர்கள் வந்தார்கள். ராஜபாளையத்தில் ஒரு லாட்ஜ் அறையில் பேச்சு. டைரக்டர் சின்ன வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். திட்டக்கூட முடியாத அளவுக்கு மரியாதை.

"நாவல் பிரமாதம் மேடம். ஆனா ஹீரோவ எல்லாரும் காப்பாத்திக்கிட்டே இருக்காங்க. அப்ப ஹீரோ என்ன பண்றாரு?"

"முன்பின் தெரியாதவங்கள நம்புறாரு சார். யாரையுமே நம்ப முடியாத ஆளு. அவருக்கு அது பெரிய காரியம் இல்லையா?"

"நம்புறத எப்படி மேடம் ஷூட் பண்றது?" என்று சிரித்தார். "சரி, அந்த ஆட்டோக்காரருக்கு மோட்டிவ் என்ன? எதுக்கு உதவி பண்றாரு?"

"மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கானேன்னு ஏத்துறாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அறையிலிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னச் சின்ன மாற்றம் இருக்கும் என்றார் டைரக்டர். திரைக்கதையைக் கேட்டேன். எழுதி முடித்ததும் அனுப்புவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு நான் போன் செய்யும்போதெல்லாம் அவர் லொகேஷனில் இருந்தார்.

படம் ராஜபாளையத்தில் ரிலீஸ் ஆனது. மதினியும் நானும் மதியக் காட்சிக்குப் போனோம். ஆட்டோக்காரர் தன் மனைவியோடும் ஸ்டாண்டுக்காரர்கள் ஒரு கூட்டத்தோடும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து இறங்கினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருமண். என்னைப் பார்த்ததும், "இவியதான் எழுதுனது" என்று மனைவியிடம் காட்டினார்.

படத்தில் தறிக்காரி இல்லவே இல்லை. ஒற்றனுக்குத் தோளில் குண்டு பட்டதும், கதாநாயகி ஓடிவந்து துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினாள்.

"ஏட்டி, பேண்டேஜ் நெய்யுத ஊர்ல நின்னுக்கிட்டு துப்பட்டாவ எதுக்குக் கிழிக்கா?" என்றாள் மதினி. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆட்டோ இருந்தது. அதே வாசகத்தோடு திரையில் வந்து நின்றபோது ஸ்டாண்டுக்காரர்கள் விசிலடித்தார்கள். ஒருவர் பேப்பரைக் கிழித்துப் பறக்கவிட்டார். இதையாவது விட்டுவைத்தார்களே என்று நானும் கை தட்டினேன். படத்து ஆட்டோக்காரர் ஒற்றனுக்குச் சோறு வாங்கிக் கொடுத்தார், ஒளிய இடம் கொடுத்தார், 'தம்பி' என்று கூப்பிட்டார். இடைவேளையில் எங்கள் ஆட்டோக்காரர் எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு காட்சி. ஒற்றன் தூங்குகிறான். படத்து ஆட்டோக்காரர் வெளியே வந்து போனை எடுத்து, "ஆள் இங்கதான் இருக்கான்" என்கிறார். முதலிலிருந்தே அவர் வில்லனின் ஆளாம். பயங்கரமாக ஒரு இசை வேறு.

விசில் சத்தமெல்லாம் நின்றுபோனது. கொஞ்ச நேரம் கழித்து ஸ்டாண்டுக்காரர்களில் ஒருவர், "ஏலே, நீயா காட்டிக்குடுத்த?" என்று எங்கள் ஆட்டோக்காரரைக் கேட்டார். வரிசையே சிரித்தது. ஆட்டோக்காரரின் மனைவி எழுந்து வெளியே போய்விட்டார். அவர் எழவில்லை. திரையில் ஒற்றன் படத்து ஆட்டோக்காரரைப் போட்டு அடித்துக் கொல்கிறவரை அசையாமல் உட்கார்ந்து பார்த்தார்.

படம் முடிந்ததும் வாசலில் ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். "அண்ணே, நான் இப்படி எழுதல. சத்தியமா இல்ல."

"பொறவு எப்படிக்கா வந்துச்சு?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அவர் மனைவி என்னைத் திரும்பிப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாளே ஸ்டாண்டுக்குப் புத்தகத்தோடு போனேன். கடைசி அத்தியாயத்தைப் பிரித்து, "இங்க பாருங்க, இவர்தான் காப்பாத்துறாரு" என்று எல்லோருக்கும் காட்டினேன். போகாமலே இருந்திருக்கலாம். அதுவரை ஒரு நாள் கேலியாக இருந்தது, நான் வாதாடப் போனதில் நிரந்தரக் கேலியாகிவிட்டது. யாருக்காவது போலீஸ் அபராதம் போட்டால்கூட, "ஏலே, போன் போட்டியா?" என்று அவரைக் கேட்டார்களாம். ஒரு வாரத்தில் வண்டியின் பின்னாலிருந்த வாசகத்தின் மேல் கறுப்புப் பெயிண்ட் ஏறியிருந்தது. என்னைக் கண்டால் அவர் வேறு பக்கம் பார்ப்பார். நான் நடந்தே ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தேன்.

டைரக்டர் ஒருவழியாகப் போனை எடுத்தார். "மேடம், அந்த ஆட்டோ கேரக்டருக்குத்தான் செம பேரு! அந்த நடிகருக்கு இப்ப எம்புட்டுப் படம் வருது தெரியுமா?" கடைசி வரியை எங்கள் ஊர்ப் பேச்சு மாதிரி வேண்டுமென்றே சொன்னார். போனை வைத்துவிட்டேன்.

பதிப்பாளர் அவசரமாக மறுபதிப்புப் போட்டார். அட்டையில் கதாநாயகன் மட்டும், துப்பாக்கியோடு. என் நாவலில் அவன் கடைசிவரை துப்பாக்கியைத் தொடுவதே இல்லை. படம் பார்த்துவிட்டுப் புத்தகம் வாங்கியவர்கள் போன் செய்தார்கள். "நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த ட்விஸ்ட்ட விட்டுட்டீங்களே?" நான் விட்டுவிட்டேனாம்.

கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். ஒரு மாணவி எழுந்து பணிவாகக் கேட்டாள்: "மேம், ஒருத்தர் காரணமே இல்லாம உயிரப் பணயம் வச்சு உதவி பண்றது நம்புற மாதிரி இல்லையே? படத்துல அத கரெக்ட் பண்ணிட்டாங்க."

என்னென்னவோ சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. ஆபீஸில் நான் தலை சுற்றி விழுந்த அன்று, இதே ஆட்டோக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ராஜபாளையத்திலிருந்து மதினி வந்து சேரும்வரை வாசலிலேயே நின்றார். அவருக்கு என்ன மோட்டிவ் என்று கேட்டேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்த மாணவி மட்டும் தட்டவில்லை. அவள் முகத்தில் ஏதோ பாவப்படுகிற பார்வை.

மழைக்காலம் ஆரம்பித்து ஒரு காலையில் குடை இல்லாமல் நடந்துகொண்டிருந்தேன். ஆட்டோ வந்து பக்கத்தில் நின்றது.

"ஏறுங்கக்கா. நனைஞ்சுக்கிட்டே போறீய."

ஏறினேன். வண்டி கிளம்பியதும் அவரே சொன்னார்: "படத்த டிவியில போட்டுட்டான். 'நீ நெசமாவே காட்டிக்குடுத்தியாப்பா'ன்னு எம்மவ கேக்கா. அதான், உங்க கதையில என்னதான் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா அவகிட்டச் சொல்லலாம்."

"புத்தகம் குடுத்தேனேண்ணே?"

"வாசிக்க எங்கக்கா நேரம்? நீங்களே சொல்லுங்க."

அன்றிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவே தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கதையைச் சொன்னேன். ஹாரன் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி. மதினி கட்டுப் போடுகிற இடத்தில் "அப்படிப் போடு" என்றார். ரத வீதியில் அவர் போக்குக் காட்டுகிற இடத்தை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். ஒருவழியாக, ஒற்றனை லோடு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஆட்டோக்காரர் அடுத்த சவாரிக்குப் போகிற முடிவையும் சொன்னேன். அவர் வண்டியை ஆபீஸ் வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"தொரத்துனவனுகள்ல நான் ஒருத்தனக்கூட அடிக்கலையா?"

"இல்லண்ணே."

"கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஒரு சண்டையாவது வச்சிருக்கலாம்லக்கா? எம்மவகிட்ட என்னத்தச் சொல்ல?"

நான் இறங்கி நின்று, நம்பிக்கை என்றால் என்ன, ஒரு சாதாரண மனிதன் சண்டையே போடாமல் எப்படிப் பெரியவனாகிறான் என்றெல்லாம் விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே அவருக்கு ஒரு சவாரி வந்தது.

"செத்த இருங்க, சாயங்காலம் பேசுவோம்" என்று கிளம்பிவிட்டார். மகளிடம் அவர் எந்தக் கதையைச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு சண்டையைச் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார்.