உருண்டைத் தூளும் மூன்று தட்டும்

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நியூ மெக்சிகோ பாலைவனத்தில், எங்கள் சோதனைக்கூடத்தில், பட்டப்பகலில் நடந்தது.

பிளாஸ்டிக் தூளைக் குப்பியில் நிரப்பி, வாயுத் துப்பாக்கியால் அடிப்போம். அதிர்ச்சி அலை அதைக் கடக்க ஆகும் நேரத்தை அளப்போம். உருண்டை மணிக்கு ஒரு கணக்கு, கரடுமுரடான துருவலுக்கு வேறு கணக்கு. பொடிசா பெரிசா என்பதைப் பொறுத்தும் மாறும். நிரப்புவதில் வெர்ஜில் பாக்கா கைதேர்ந்தவர். கொஞ்சம் கொட்டுவார், குப்பியை மேசையில் மூன்று முறை தட்டுவார். டொக். டொக். டொக். பிறகு கைக்குழந்தையைப் போல ஏந்தி, துப்பாக்கி அறைவரை நடந்தே வருவார்.

போன வருஷம் ஒருநாள் அவருக்குக் கால்வலி. அவர் நிரப்பிய குப்பிகளை நான் வண்டியில் போட்டு மண்ரோட்டில் பறந்தேன். துருவல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டது. உருண்டை மணிகள் குலுங்கி இறங்கி, மேலே இடைவெளி விழுந்துவிட்டது. அளவு தாறுமாறு. "நிரப்பியது சரியில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினெட்டு வருஷம் உழைத்தவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இந்த அக்டோபரில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவசரத்தில் மறுபடியும் வண்டி.

மதியம் 3.05. அறையைப் பூட்டினோம். உள்ளே போகிறவர் வெளிப்பலகையில் தொங்கும் தன் எண் வில்லையை எடுத்துப் போகவேண்டும். எல்லாம் பலகைக்குத் திரும்பினால்தான் சுடுவோம். ஆறும் தொங்கின. நான்காம் எண் வெர்ஜிலுடையது. அவர் போனபின் யாரும் தொட்டதில்லை.

3.11. உள்ளிருந்த மைக்கில்...

டொக். டொக். டொக்.

"உள்ள யாரு, லென்?" என்றாள் என்னோடு வேலை பார்க்கும் ரோசலி.

"யாருமில்ல."

"அப்ப தட்டுறது எலியா?" சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "பலகையப் பாரு."

ஐந்துதான் தொங்கின.

சுடுவதை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். கதவைத் திறந்தோம்.

ஆளில்லை.

குப்பியின்மேல் நான்காம் வில்லை.

தொட்டேன்... கைச்சூடு.

அன்று மாலை, எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்க வெர்ஜில் வீட்டுக்குப் போன் போட்டேன். அவர் மனைவி ஈடா எடுத்தார்.

"காலைல பதினொன்னுக்கே போயிட்டாருப்பா. ரெண்டு நாளா கட்டில் கம்பிய மூணு மூணா தட்டிட்டே இருந்தாரு. கடைசியா சொன்னது ஒன்னுதான். 'லென்கிட்ட சொல்லு, வண்டியில கொண்டுபோக வேணாம்'னு. அது என்ன வண்டி?"

 

அந்த மண்ரோட்டில் இரண்டு முறையும் நான் மட்டும்தான் போனேன். வண்டி விஷயத்தை ஒருவரிடமும் சொன்னதே இல்லை.