வேலியில் ஆடிய வெள்ளைச் சட்டை

எங்கள் பம்பாஸ் புல்வெளியில் புதுக் கம்பி வேலி போட்டால், டெல்மிரா அக்கா வீட்டில் துணி குறையும். பாய்ந்து வருகிற குதிரைக்கு மெல்லிய கம்பி கண்ணில் படாது, நெஞ்சைக் கிழித்துக்கொள்ளும். அதற்காக வேலி நெடுக வெள்ளைத் துணியாகக் கட்டிவைப்பாள். மேசைவிரிப்பெல்லாம் எப்போதோ போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை தன் தங்கை கல்யாணத்துக்குக் கிளம்பிய அவள் கணவர் அன்செல்மோ, நல்ல வெள்ளைச் சட்டையைத் தேடி வீட்டையே புரட்டிப் போட்டார். ஜன்னல் பக்கம் திரும்பியவர் அலறினார்.

"அடியே! அங்க வேலியில ஆடுறது என் சட்டைதானே?"

"இங்கேருந்தே தெரியுதா?"

"நல்லாத் தெரியுது!"

"கண்ணாடி போடாத உங்களுக்கே தெரியுதுன்னா, குதிரைக்குத் தெரியாமலா போகும்?"

அவர்கள் வீட்டுக்கு வந்திருந்த நான் மாத்தே தேநீர் குடித்தபடி சிரிப்பை அடக்கினேன். பழைய சட்டையும் கழுத்தில் வெள்ளைத் துணியுமாக மனிதர் திட்டிக்கொண்டே வேலிக்குப் போய், சட்டையின் ஒரு கையைக் கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்தார். அந்த நேரம் புதுக் குதிரைக்குட்டி தலைதெறிக்க ஓடி வந்தது. ஆடுகிற சட்டையைக் கண்டு கால் ஊன்றி நின்று, திரும்பி ஓடியது.

அன்செல்மோ பழைய சட்டையிலேயே திரும்பி வந்தார். கழுத்தும் வெறுமையாக இருந்தது.

"கழுத்துல கட்டியிருந்த வெள்ளைத் துணி எங்க?" என்றாள் அக்கா.

"சட்டைக்குப் பக்கத்துல கொஞ்சம் இடம் காலியா இருந்துச்சு."