சூப்புக்கு முன் ஒரு ஜெபம்

பாளையங்கோட்டையில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற குமாஸ்தா. குப்பை கொட்டப் போனாலும் தேய்த்த வெள்ளைச் சட்டைதான். எதையும் வாயில் வைக்குமுன் கண்ணை மூடி ஜெபிப்பார். தெரிந்த பண்டம் என்றால் சின்ன ஜெபம். சந்தேகம் கூடக்கூட ஜெபமும் நீளும்.

ஒரு ஞாயிறு மதியம் எனக்கு மட்டும் தாய்லாந்து சூப் வைத்தேன். இறால், காளான், பச்சைமிளகாய், எலுமிச்சைச் சாறு எல்லாம் இருந்தன. எலுமிச்சைப்புல்லை அவரிடம் கேட்டு வாங்கினேன். கொசுவை விரட்ட வளர்த்த புல் என்ன ஆகிறதென்று பார்க்க, பின்னாலேயே மாடியேறி வந்துவிட்டார். ஒரு கிண்ணம் கொடுத்தேன். கண்ணை மூடினார். சூப் ஆறிய பிறகுதான் திறந்தார். ஒரு வாய் குடித்தார்.

"ரசம் நல்லாத்தான் இருக்கு வே. பருப்பு போட மறந்துட்டீரு."

"இதுக்குப் பருப்பு கிடையாது அண்ணாச்சி."

"சரி, சோறு இருக்கா?"

சோற்றில் ஊற்றிப் பிசைந்தார். புல்லை முருங்கைக்காய் போல மென்று துப்பினார். சட்டியில் எனக்கென்று எதுவும் மிஞ்சவில்லை.

மறுவாரமும் வைத்தேன். மணம் பிடித்து வந்தவர், கிண்ணத்தை வாங்கிக் கண்ணை மூடாமலே குடித்தார். அவருக்கு என் சமையல்மேல் நம்பிக்கை வந்ததா, கர்த்தர்மேல் இருந்தது போய்விட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.