ஏழாம் நம்பர் மட்டை

சின்ன வயதில் பேரீச்சம்பழத்துக்குக் கோல்ஃப் மட்டையை எடைக்குப் போட்ட மடையன் காரிமங்கலத்திலேயே நான் ஒருவன்தான். பெங்களூர் கோல்ஃப் மைதானத்தில் புல்வெட்டிய அப்பா கொண்டுவந்த பழைய இரும்பு மட்டைகளில் அது ஏழாம் நம்பர். மற்றவற்றை இப்போது துருநீக்கி, கைப்பிடி மாற்றித் தேற்றிவிட்டேன். அந்த ஒன்று இல்லாமல் செட்டு பொக்கைவாயாக இளிக்கிறது, நானும் ஊர் ஊராக இரும்புக் குவியல்களைக் கிளறுகிறேன். இன்று மண்ணெண்ணெய் தொட்டுத் துருவைத் தேய்த்தபோது எழுந்த வாசனை, தராசுத் தட்டு டங்கென மோதும், பழக்கூடையில் ஈ மொய்க்கும், எடை போட்ட பிறகும் கடைக்காரர் என் உள்ளங்கையில் இன்னொரு பழத்தை அழுத்தும் அந்தச் சந்தைத்தெரு இரும்புக்கடைக்கே என்னை இழுத்துப்போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது அவர் மகன் செல்போன் விற்கிறார். வெட்கமில்லாமல் போய்க் கேட்டேன்.

"அண்ணே, உங்கப்பா அந்த மட்டைய எங்கியாச்சும் எடுத்து வச்சிருப்பாருங்களா?"

"மொதல்ல பேரீச்சம்பழத்தத் திருப்பிக் குடுங்க."