காலரில் மஞ்சள் லேஸ்

என் அக்கா மலர்க்கொடி நெய்வேலி குவார்ட்டர்ஸ் தெருக்களைக் கூட்டும் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவளுடைய கான்ட்ராக்டரின் ஆட்கள் புடவைமேல் நீலச் சட்டை போட வேண்டும். ஒரு டீச்சரின் நீலப் புடவையில் மஞ்சள் பார்டரைப் பார்த்து ஆசைப்பட்டவள், மந்தாரக்குப்பத்தில் மஞ்சள் லேஸ் வாங்கிச் சட்டைக் காலரில் தைத்துக்கொண்டாள்.

காலையில் பைக்கில் கொண்டுபோய் விட்டேன். சூப்பர்வைசர் மறித்தார்.

“மஞ்சள் இன்னொரு கான்ட்ராக்ட் கலராச்சே! அங்கயும் பேரு குடுத்துக்கினு இருக்கியா? பாஸக் குடு.”

அக்கா எடுத்துக் கொடுத்த வேலை பாஸை வாங்கிக்கொண்டார். அது போனால் வேலை போச்சு. எங்கள் வூட்டின் முதல் பட்டதாரி நான். என்னைப் படிக்கவைத்தது அந்த வேலைதான். வாயைத் திறந்தேன்.

“நீ சும்மா இருடா,” என்றாள் அக்கா. “அழகுக்கு வச்சதுங்க சார்.”

“பிரிச்சுப் போடு.”

அக்கா காலரை உள்பக்கம் மடித்தாள். மஞ்சள் மறைந்தது. “இப்ப நீலந்தானுங்களே?”

முறைத்துக்கொண்டே பாஸைத் திருப்பி நீட்டினார். லேஸ் கழுத்தைக் குத்தியிருக்கும். அவர் பார்த்துக்கொண்டிருந்தவரை அக்கா கழுத்துப் பக்கம் கையைத் தூக்கவேயில்லை.