சுவருக்கு அந்தப் பக்கத்து ரேடியோ

அரிசி களைந்துகொண்டிருக்கும் பெண்மணியை நிறுத்தி, "உங்கள் பொழுதுபோக்கு என்ன?" என்று கேட்பதற்குப் பெயர்தான் ஊடக ஆராய்ச்சி. எண்பதுகளின் தொடக்கத்தில் புதுச்சேரிக் கல்லூரி ஒன்றில் தொடர்பியல் பாடம் நடத்திக்கொண்டே, கேள்வித்தாள் கட்டோடு தெருத்தெருவாக அலைந்தவன் நான். நீங்களும் அப்படி அலைந்து செருப்புத் தேய்ந்தவரா? வாருங்கள், சேர்ந்து புலம்பலாம்.

'இல்லை' என்றால் அடுத்த வீடு

நெல்லித்தோப்பில் நான் ஏறிய முதல் வீடு தனலட்சுமியுடையது. கணவர் மில் தொழிலாளி. மில் மூடி எட்டு மாதமாகியிருந்தது. "வீட்ல ரேடியோ இருக்காம்மா?" என்றேன். இல்லை என்றார். இல்லை என்றால் மற்ற கேள்விகளை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். அது நானே எழுதிய விதி. கோடு போட்டுவிட்டுக் கிளம்பினேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரேடியோ இல்லன்னுதான சொன்னேன், கேக்கறதில்லன்னா சொன்னேன்? பக்கத்து வூட்டு ரேடியோ செவுத்தத் தாண்டி வருதே சார்!"

பாட்டுப் பிரியை

அடுத்து நான் ஏறிய அந்தப் பக்கத்து வீடு பிலோமினாவுடையது. கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது சிப்பாய்; ரேடியோ அவர் வாங்கியது. சாக்கடைத் தண்ணீர்ச் சண்டையில் இந்த இரண்டு பெண்களுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

பிலோமினாவுக்குப் பாட்டென்றால் உயிர், செய்தியென்றால் வேப்பங்காய். அப்படியும் தினமும் சாயங்காலம் ஆறரை மணிச் செய்திக்கு ரேடியோவைத் தூக்கித் தனலட்சுமி வீட்டுப் பக்க ஜன்னலில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிடுவாராம். ஏன் என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மில்லு என்னிக்குத் தொறக்கறான்னு அவ கேக்கணுமில்ல? நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க சார்."

கூட வந்திருந்த மாணவி மல்லிகா திறந்த பேனாவோடு விழித்தாள்.

"சார், இத எந்தக் கட்டத்துல எழுதறது?"

ஆறரை மணிக்குப் போனவன்

கேள்வித்தாளைத் திருத்தி எழுதிக்கொண்டு மறுபடி தனலட்சுமி வீட்டுக்குப் போனேன். சாயங்காலம். என் குரல் வகுப்பில் பழகிய குரல், கடைசி பெஞ்சு வரை கேட்கும். "செய்திகளை முழுக் கவனத்தோடு கேட்கிறீர்களா, அரைகுறையாகக் கேட்கிறீர்களா?" என்று வாசித்து முழங்கிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் செய்தி ஓடிக்கொண்டிருந்தது; அவர் பார்வை சுவர்ப் பக்கம் போய்ப் போய் வந்தது. வீட்டுக்கு வந்த மனிதனை வாயை மூடச் சொல்ல மனம் வரவில்லை, பாவம். செய்தி முடிந்துவிட்டது. எட்டு மாதமாக ஒருநாள் தவறாமல் கேட்டவரை, ரேடியோ ஆராய்ச்சிக்குப் போன நானே அன்றைக்குக் கேட்கவிடவில்லை. வெட்கமாகப் போயிற்று.

அப்போது சுவருக்கு மேலே பிலோமினாவின் தலை தெரிந்தது. "அடியே தனம்! சார் போட்ட சத்தத்துல சேதி காதுல வுழுந்துச்சாடி? திங்கக்கெழம மில்லு தொறக்கறாங்களாம்டி!"

தனலட்சுமி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். என் தாளில் இன்னும் பன்னிரண்டு கேள்விகள் பாக்கி.

"இன்னொரு நாளு வாங்க சார். நான் அவ வூட்டுக்குப் போவணும்."

என் ஆராய்ச்சியால் யாருக்காவது நன்மை நடந்ததென்றால், அது நான் இடைஞ்சலாக உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிஷத்தில்தான்.