முதல் ஆல்பம் யார் கைக்கு

நான் எத்தனையோ ராஜ்ஜியங்களை ஆண்டிருக்கிறேன். ஒன்றுகூட வாரிசுச் சண்டையில் சிதறியதில்லை. கம்ப்யூட்டர் விளையாட்டில்தான், ஆனாலும் என் பெருமைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. அதில் கோட்டையைப் பிடிப்பதெல்லாம் பெரிய காரியமே அல்ல. ராஜா கண்ணை மூடிய மறுநாள் நாடு யார் கையில் இருக்கும் என்று முன்கூட்டியே பார்ப்பதுதான் கெட்டிக்காரத்தனம். உருப்படாத பிள்ளைகளை மடத்துக்கு அனுப்பித் துறவியாக்கிவிடுவேன்.

சிவகாசியில் எங்கள் காலண்டர் அச்சகத்தை நடத்துவதும் நான்தான். ஆர்டர் பிடிப்பது, சீசனில் லோடு ஏற்றுவது எல்லாம் என் தலையில். ஆடிப் பதினெட்டு அன்று மட்டும், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் தம்பி வந்து நிற்பான். அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளைக் கோத்த ஆல்பத்தை அன்றுதான் பூஜை போட்டு வெளியிடுவோம். முதல் ஆல்பத்தை அப்பா யாரிடம் கொடுக்கிறாரோ அவர்தான் நாளைய முதலாளி. வருடா வருடம் தம்பி அதை வாங்குவான், போட்டோவுக்கு நிற்பான், விருதுநகரில் எண்ணெய் பரோட்டா சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவான். எனக்கு வயிறு எரியும். ஆனாலும் எனக்குத் தாருங்கள் என்று வாய்விட்டுக் கேட்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

போன ஆனி மாதம் ஒரு மத்தியானம் டிசைன் கம்ப்யூட்டரில் ராஜாவாக இருந்தேன். அப்பா பின்னால் வந்து நின்றார்.

“கிரீடத்துல மஞ்சள் பத்தலயே” என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையில் ராஜாவின் பிள்ளைகள் வரிசையாக இருந்தார்கள்.

“இந்தப் பிள்ள கெட்டிக்காரியால்ல இருக்கா. எதுக்குக் கடைசியில கெடக்கா?”

“பொம்பளப் பிள்ளைல்லாப்பா. ஆம்பளைக்குத்தான் பட்டம்னு அந்த நாட்டுச் சட்டம்.”

“மூத்தவன் எப்படி?”

“நல்லவன்தான். வேட்டைக்குப் போயிருவான், அரண்மனைப் பக்கமே வரமாட்டான்.”

அப்பா கடைசியில் இருந்தவளை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார். பிறகு, “சட்டத்த மாத்த முடியாதா?” என்றார்.

“ராஜா நெனச்சா முடியும். சுத்தி இருக்க பிரபுக்கள்தான் கோவிச்சிக்கிருவாக.”

“கோவிச்சா கோவிச்சிட்டுப் போறாக. மாத்து தாயி.”

மாற்றினேன். இரண்டு பிரபுக்கள் படை திரட்டினார்கள். சாயங்கால டீ வருவதற்குள் அடக்கிவிட்டேன்.

ஆடிப் பதினெட்டும் வந்தது. சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்க, தம்பி வழக்கம்போல் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் நகர்ந்தான். அப்பா அவனைத் தாண்டி வந்து ஆல்பத்தை என்னிடம் நீட்டினார். நான் தம்பியைப் பார்த்தேன். பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“வாங்குக்கா, எனக்குப் பரோட்டாக் கடைக்கு நேரமாச்சு” என்றான் தம்பி. அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

இரண்டு கையாலும் வாங்கினேன். அழுகையை அடக்க முடியவில்லை. அப்பா என் காதருகே குனிந்தார்.

“ஒரு பிரபு கோவிச்சிட்டாரு தாயி. இனி நீதான் பாத்துக்கிடணும்.”